சாட்ஸ்வொர்த்தில் கேட்ட எமக்குவா

தென்னாப்பிரிக்காவின் டர்பன் என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாட்ஸ்வொர்த்துதான். தைப்பூசக் காவடி, வெள்ளிக்கிழமை காலையில் பங்களாதேஷ் மார்க்கெட், தெருவுக்குத் தெரு கோயில். அந்த ஊரில் பேவியூ என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பல தலைமுறையாக ஒன்றாக வாழ்கிறார்கள். ஊரில் அவர்களை ‘சான்சிபாரிகள்’ என்பார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘அமக்குவா’. வீட்டில் பெரியவர்கள் பேசுவது எமக்குவா மொழியின் ஒரு கிளை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நஹாரா.

கணவரின் வேலை காரணமாக நான் சில வருடங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருந்தேன். சனிக்கிழமைகளில் ஒரு கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் தெருவில் இருந்த ஓர் அமக்குவா குடும்பத்துப் பெண், கல்லூரியில் படிப்பவள், அந்த வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு நாள் என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, எங்க பாட்டி பேசுறதை எனக்குப் புரிஞ்சுக்க முடியுது, பேச வரல. எழுதி வைக்கணும். எப்படி ஆரம்பிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளோடு சேர்ந்து அந்தப் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்ததில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்குள் ஒரு சிறிய மொழி இருந்து, அதைப் பேசும் பெரியவர் இன்னும் கூடவே இருக்கும் யாருக்கும் இது பயன்படும்.

முதலில் அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். 1873 ஜூனில் சான்சிபார் சுல்தான் பர்காஷ், கடல் வழியாக அடிமைகளைக் கொண்டுபோவதைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர்களோடு கையெழுத்திட்டார். ஆங்கிலேயக் கடற்படை அந்தக் கடலில் அடிமைக் கப்பல்களை மறித்துப் பிடித்தது. பிடித்த கப்பலில் இருந்தவர்களை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்வி வந்தது. டர்பன் இருந்த நேட்டால் காலனியில் கரும்புத் தோட்டக்காரர்கள் வேலைக்கு ஆள் இல்லை என்று கதறிக்கொண்டிருந்தார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கிய இந்திய ஒப்பந்தக் கூலி வரவு 1866இல் நின்றுபோயிருந்தது. அது மறுபடி தொடங்கியது 1874இல்தான். அந்த இடைவெளியில், 1873 ஆகஸ்டில், ‘பிரிட்டன்’ என்ற போர்க்கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட விடுவிக்கப்பட்ட அடிமைகளை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. 1880 வரை இப்படி வந்தவர்கள் சுமார் 500 பேர். ‘விடுதலை’ என்று பெயர். ஆனால் இறங்கியதும் ஆளுக்கு ஐந்து வருடம் ஒரு முதலாளியிடம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். நம்மவர்களைத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிய அதே குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம்தான் அவர்களையும் பிரித்து அனுப்பியது. இரண்டு கூட்டமும் ஒரே மேசை வழியாகப் போனவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டபோது, பேவியூவை நான் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

பெயர் சான்சிபாரி என்றாலும் அவர்களில் பெரும்பாலோர் இன்றைய வடக்கு மொசாம்பிக்கைச் சேர்ந்தவர்கள், எமக்குவா பேசியவர்கள். மொசாம்பிக்கில் எமக்குவா இன்றைக்கும் மிகப் பெரிய தாய்மொழி. நம்புலா மாகாணத்தில் எங்கே திரும்பினாலும் அதுதான். டர்பனில் இருப்பது அதிலிருந்து அறுந்து கடல் தாண்டி வந்து, நூற்றைம்பது வருடமாகத் தனியே வளர்ந்த ஒரு சிறு கிளை. மொசாம்பிக் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் பேசும் எனஹாரா என்ற வட்டார வழக்குக்கு நெருக்கமானது.

ஒப்பந்தம் முடிந்தபின் பலர் டர்பன் துறைமுகத்துக்கு எதிரே பிளஃப் மேட்டில் கிங்ஸ் ரெஸ்ட் என்ற இடத்தில் சேர்ந்து குடியிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். கிரே தெருப் பெரிய பள்ளிவாசலை நடத்திய இந்திய முஸ்லிம்களின் ஜும்மா மஸ்ஜித் அறக்கட்டளை அந்த நிலத்தை வைத்திருந்து அவர்களுக்கு இடம் கொடுத்தது. பள்ளிவாசல், கல்லறைத் தோட்டம், சுற்றி வீடுகள் என்று ஒரு சின்ன ஊரே அங்கே இருந்தது. அப்புறம் நிறவெறி அரசு வந்தது. இவர்களை எந்த இனப் பெட்டியில் போடுவது என்று அந்த அரசுக்கே தெரியவில்லை. பெட்டி மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் 1961இல் ‘பிற ஆசியர்’ என்று எழுதியது. ஆப்பிரிக்காவிலேயே பிறந்து, ஆப்பிரிக்க மொழி பேசும் மக்களுக்கு அந்தப் பெயர். அதன்படி அவர்களைக் கிங்ஸ் ரெஸ்டிலிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று கட்டிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில்தான் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து நம் தமிழ், தெலுங்குக் குடும்பங்களையும் கிளப்பி அதே சாட்ஸ்வொர்த்தில் குடிவைத்தார்கள்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவில், மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் எமக்குவா இல்லை. ஆனால் என் வகுப்புக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் தமிழில் தடையில்லாமல் பேசியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அந்தத் தெருவிலேயே ஐந்நூறு பேரின் வாரிசுகளான ஒரு குடும்பத்தில், அடுப்படியில் எமக்குவா ஓடிக்கொண்டிருந்தது.

நான் இதை நம் மக்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. தமிழ், தெலுங்கு, போஜ்புரி, குஜராத்தி என்று பல மொழிக்காரர்கள் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. தங்களுக்குள் பேசிக்கொள்ளவே ஆங்கிலம் தேவைப்பட்டது. அமக்குவா மக்கள் கிங்ஸ் ரெஸ்டில் மூன்று தலைமுறைக்கு ஒரே பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்தார்கள். சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோதும் ஒரே பகுதிக்குச் சேர்ந்தே வந்தார்கள். அந்த மொழிக்கு அன்றாடம் ஒரு வேலை இருந்தது. அந்த வேலை குறைந்த வீடுகளில் அதுவும் குறைந்துகொண்டுதான் வருகிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ராஜேந்த் மெஸ்த்ரி 2006இலேயே டர்பன் எமக்குவாவைப் பற்றி எழுதியபோது அதை அருகிவரும் மொழிகளின் வரிசையில்தான் வைத்தார். இன்றைக்குப் பேவியூ இளைஞர்கள் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலமும் ஜுலுவும்.

சரி, வேலைக்கு வருவோம்.

அந்தப் பெண் முதலில் கொண்டுவந்தது இணையத்திலிருந்து எடுத்த ஒரு சொற்பட்டியல். கை, கால், தலை, தண்ணீர், சூரியன் என்று நூறு சொல். மொழியியலாளர்கள் மொழிகளை ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் பட்டியல் அது. ஒப்பிடுவதற்கு நல்லது. ஆனால் ஒரு பாட்டியை உட்காரவைத்து "தலைக்கு என்ன, காலுக்கு என்ன" என்று கேட்டால் அவர் பரீட்சை எழுதுகிறவர்போல ஆகிவிடுகிறார். சொல்லுக்கு நடுவே குரல் தயங்குகிறது. "இது சரிதானே?" என்று நம் முகத்தையே பார்க்கிறார். பட்டியல் வேண்டாம், பாட்டி யாரோடு வழக்கமாக எமக்குவா பேசுவாரோ அவரையும் கூட்டி வா என்று சொன்னேன். பாட்டியின் நாத்தனார் அடுத்த தெருவில் இருந்தார். இருவரும் வாரத்தில் பாதி நாள் சேர்ந்தே இருப்பவர்கள்.

பாட்டியை நான் ஆயா என்று கூப்பிடுவேன். டர்பன் தமிழர்கள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவருக்கும் அது பழக்கம். ஆயாவும் நாத்தனாரும் மார்க்கெட்டில் வாங்கிய கட்ரா பீன்ஸை மடியில் போட்டு உரிக்க உட்கார்ந்தார்கள். கட்ரா பீன்ஸ் என்பது காயவைக்காமல் தோலோடு விற்கும் ஒரு வகை பீன்ஸ். டர்பன் இந்தியச் சமையலில் இல்லாமல் இருக்காது. எல்லா வீட்டுக்கும் போய்ச்சேர்ந்துவிட்டது. உரிக்க உட்கார்ந்ததும் பேச்சு தானாக வந்தது. யார் வீட்டுக் கல்யாணம், யார் உடம்பு சரியில்லை, பீன்ஸ் விலை, இந்த வாரக் காய் முற்றல். நடுவில் ஜுலுச் சொல், ஆங்கில எண், மறுபடி எமக்குவா. அரை மணி நேரத்தில் அந்த நூறு சொல் பட்டியல் தரவே முடியாத விஷயங்கள் கிடைத்தன: எப்படிக் குறுக்கிடுகிறார்கள், எப்படி வியக்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதபோது என்ன சத்தம் போடுகிறார்கள், கதையில் அடுத்தவர் சொன்னதை எப்படி மேற்கோள் காட்டுகிறார்கள். மொழியைப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: இரண்டு பேர் வேண்டும், கைக்கு ஒரு வேலை வேண்டும். கேள்வி கேட்கும் ஆள் நடுவில் இருக்க வேண்டாம்.

அந்த வேலையின் சத்தத்தையும் யோசிக்க வேண்டும். உரித்த பயறு எவர்சில்வர் பாத்திரத்தில் விழுந்தால் ஒவ்வொன்றும் மைக்கில் கல் விழுவதுபோலக் கேட்கும். அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டால் போதும். தோல் உடையும் சத்தம் இருக்கட்டும், அது பேச்சை மறைக்காது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடும் ரீங்காரம் அந்த நேரத்தில் நம் காதுக்குத் தெரியாது, பதிவில் முழுக்க இருக்கும். லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் நேரத்தில் எங்களுக்கு வசதியாக இருந்தது; ஃபிரிட்ஜ், டிவி, பக்கத்து வீட்டுப் பாட்டு எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிடும். ஜன்னலை மூடிவிட்டு அந்த நேரத்திலேயே உட்கார்ந்துவிடுவோம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு, மடித்த துணிமேல் வைக்க வேண்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக் மலிவாகவே கிடைக்கிறது. அதைத் துப்பட்டாவில் குத்தினால் துணி உரசும், கழுத்துப் பட்டியில் குத்த வேண்டும். பதிவுச் செயலியில் வேவ் வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், அதை வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும். கோப்பாக, டாக்குமெண்ட் என்று அனுப்பினால் அப்படியே போகும்.

ஒலி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எமக்குவாவே நல்ல உதாரணம். அந்த மொழியில் ப, ட, க போன்ற ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் உள்ளதுபோல் குரல் அதிரும் இணை கிடையாது. பல்லில் நாக்கு படும் த் வேறு, நாக்கை உள்ளே மடக்கும் ட் வேறு. இது வரைக்கும் தமிழ்க் காதுக்குச் சொந்த வீடு மாதிரிதான். நான் கேட்டவுடன் பிரித்துச் சொன்னதைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கே ஆச்சரியம். ஆனால் அதே ஒலிகளில் மூச்சு சேர்ந்தது ஒன்று, சேராதது ஒன்று என்று மறுபடி இரண்டாகப் பிரியும். மூச்சு மாறினால் பொருளும் மாறும். அதைப் பிடிக்க எனக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. தமிழ் எழுத்தில் அதைக் காட்டவே முடியாது. ஆங்கில எழுத்தில் அவரவர் இஷ்டத்துக்கு எழுதினாலும் குழப்பம்தான். மொசாம்பிக்கில் எமக்குவாவுக்கு ரோமன் எழுத்தில் ஒரு முறை இருக்கிறது. மூச்சொலிக்கு ஹெச் சேர்ப்பார்கள், மடக்கிய ட்-க்கு டி எழுத்தை இரட்டிப்பார்கள். டர்பனுக்கென்று புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதையே எடுத்துக்கொண்டோம். அதில் எழுதினால் நம்புலாவில் இருப்பவரும் படிக்க முடியும்.

அதற்கு மேல் குரல் ஏற்ற இறக்கம். எழுத்தில் அது வராது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் 2009இல் எனஹாரா பற்றி முனைவர் ஆய்வேட்டை முடித்த யெனேகே வான் டெர் வால், மொசாம்பிக் தீவின் பேச்சில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அங்கே ‘நகுவோ’ என்றால் மக்காச்சோளம். குரல் உயரும் இடத்தை மட்டும் மாற்றிச் சொன்னால் அதே சொல் ‘இது மக்காச்சோளம்’ என்று ஒரு வாக்கியமாகிவிடுகிறது. தனியாக வினையும் வேண்டாம், சுட்டும் வேண்டாம். எழுதி மட்டும் வைத்தால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே எழுதுவது பிறகு ஆகட்டும், ஒலியை முதலில் காப்பாற்றுங்கள்.

எமக்குவா, ஜுலு போன்ற மொழிகள் சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்துக்கே உரிய பெயர்ச்சொல் வகுப்புகளை அந்தப் பெண்ணுக்கு நான் விளக்கியது தமிழை வைத்துத்தான். நமக்கு உயர்திணை, அஃறிணை. வினைமுற்று அதற்கு ஏற்ப முடியும். அவர்களிடம் அப்படிப் பல திணைகள். அடையாளம் சொல்லின் முன்னால் ஒட்டும். மக்களைச் சொன்னால் அமக்குவா, மொழியைச் சொன்னால் எமக்குவா. எந்த வகுப்போ, அதற்கு ஏற்றபடி அடைமொழியும் வினையும் முன்னொட்டை மாற்றிக்கொள்ளும். பாட்டி வாயில் இது தானாக வருகிறது. பேத்தி பேசிப் பார்க்கும்போது தடுமாறியது இங்கேதான். சொற்கள் அவளுக்குத் தெரிந்தே இருந்தன, ஒட்டுகள்தான் தெரியவில்லை. அதனால் தனிச் சொல்லாக எதையும் மனப்பாடம் செய்யாதே, முழு வாக்கியமாக வாங்கு என்று சொன்னேன். "தண்ணீர்" வேண்டாம், "தண்ணீரைக் கொண்டு வா" வேண்டும்.

இன்னொரு விஷயம், அனுமதி. இதைப் பலர் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆயாவிடம் ஒவ்வொரு முறையும் கேட்டோம். பதிவு முடிந்ததும் அவருக்கே போட்டுக் காட்டினோம். நாத்தனாரின் மருமகளைப் பற்றி ஒரு பேச்சு வந்திருந்தது. "அதை எடுத்துடு" என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தோம். யார் யார் கேட்கலாம், குடும்பம் மட்டுமா, பள்ளிவாசல் மதரசாவில் போட்டுக் காட்டலாமா, வெளியூர் ஆராய்ச்சியாளர் கேட்டால் கொடுக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். தான் போனபின் தன் குரலைப் போடலாமா என்பதையும் அந்தப் பெண் கேட்டாள். கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. ஆயா சாதாரணமாகப் பதில் சொன்னார்: நாற்பது நாள் போகட்டும், அப்புறம் போடு.

பெண்கள் மட்டும் கூடும் இடத்துப் பாட்டுகள் சில உண்டு. அவற்றை எனக்குப் பாடிக் காட்டினார், ஆனால் போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அமக்குவா சமூகம் தாய்வழிச் சமூகம்; மொசாம்பிக்கில் இன்றும் குலம் தாய் வழியாகவே வரும். பெண்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைப் பெண்களே பாட்டில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தப் பாட்டுகள் பதிவாகவில்லையே என்று ஆவணப்படுத்துகிறவர் மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வேறு வழி ஒன்று இருக்கிறது. பேத்தியே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் அதைத்தான் செய்தாள். மொழி அவள் வாய்க்கு வரத் தொடங்கியதும் அந்தப் பாட்டுகளில்தான். தாளம் இருப்பதால் ஒட்டுகளை விழுங்க முடியாது, ஒரு அசை குறைந்தால் அடி தட்டும்.

டர்பனில் இப்போது மொசாம்பிக்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நம்புலாவைச் சேர்ந்த ஒருவர், கடை வைத்திருப்பவர், பேத்தி கேட்டதும் ஆர்வமாக வந்தார். பதிவுகளைக் கேட்டார். பெரும்பகுதி புரிந்தது. புரியாத இடங்களில் சில ஜுலுச் சொற்கள். சில கரையோரப் பழஞ்சொற்கள், தன் ஊர்ப் பெரியவர்கள் வாயில் கேட்டது என்றார். இன்னும் சில சொற்கள் யாருக்கும் தெரியவில்லை, ஆயாவுக்கு மட்டும் தெரியும். போர்த்துகீசியச் சொற்கள் அவர் பேச்சில் நிறைய, ஆயாவின் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் நிறைய. இப்படி ஓர் ஆள் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் அவர் வந்தவுடனே "அப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்லணும்" என்று திருத்த ஆரம்பித்தார். ஆயா வாயை மூடிக்கொண்டார். இதை உடனே நிறுத்த வேண்டும். பெரிய ஊர் மொழி சரி, சிறிய ஊர் மொழி தப்பு என்று வந்துவிட்டால் அந்தச் சிறிய மொழிக்காரர் அப்புறம் பேசமாட்டார். அவரைத் தனியே கூப்பிட்டு, "எங்களுக்கு ஆயா சொல்வதுதான் வேண்டும். நீங்கள் சொல்வதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறோம்" என்று சொன்னோம். புரிந்துகொண்டார்.

அதன்பிறகு நடந்ததுதான் எங்கள் பதிவுகளிலேயே மிகச் சிறந்தது. மீன் பெயர்கள். டர்பன் துறைமுகத்தில் கிடைக்கும் மீன்களின் படங்களைக் கடைக்காரர் போனில் காட்ட, ஆயாவும் நாத்தனாரும் பெயர் சொல்ல, மூவருக்கும் வாக்குவாதம். கிங்ஸ் ரெஸ்டில் சிறுமியாக இருந்தபோது இந்த மீனை இப்படித்தான் சமைப்போம், அதனால் இதன் பெயர் இதுதான் என்று ஆயா சாதித்தார். அது வேறு மீன் என்றார் கடைக்காரர். வாயும் துடுப்பும் வாலும் செதிலும் நிறமும் எல்லாம் பேச்சில் வந்தன. எந்தச் சொற்பட்டியலும் செதிலுக்குப் போகாது. பழைய இடத்தின் வரைபடமே பேச்சோடு வந்தது: பள்ளிவாசல் எந்தப் பக்கம், அலையாத்தி எங்கே இருந்தது, யார் வலை வைத்திருந்தார்கள். பேசுகிறவர்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கருத்து வேறுபடும்போது மொழி முழு பலத்தோடு வருகிறது. அப்படி ஒரு பொருளைத் தேடிப் பிடியுங்கள். அது மீனாக இருக்கலாம், தையலாக இருக்கலாம், சொந்தக்காரர் முறையாக இருக்கலாம்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரலில் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் பெய்த மழையும் வெள்ளமும் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சாட்ஸ்வொர்த் மேடுகளிலும் மண் சரிந்தது. அந்தக் குடும்பத்தில் ஆயாவின் கணவர் காலத்து கேசட்டுகள் ஒரு பெட்டியில் இருந்தன, மவ்லித் ஓதலும் கல்யாணப் பாட்டுகளும். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சிலவற்றைக் காயவைத்துப் போட்டுப் பார்த்ததில் இரண்டொன்றுதான் ஓடின. வீட்டில் பழைய கேசட் இருந்தால் இந்த மாதமே அதை டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி போட்டுக் கணினியில் ஆடசிட்டி என்ற இலவச மென்பொருளில் எடுத்தாலே போதும். மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம், ஒன்று இணையக் கிடங்கில். கோப்பின் பெயரிலேயே தேதி, பேசுபவர், இடம், பொருள் இருக்கட்டும். "ரெக்கார்டிங் 17" என்று இருந்தால் பத்து வருடம் கழித்து அதைத் திறக்க யாருக்கும் தோன்றாது.

பேச்சை எழுதி வைப்பதற்கு ஈலான் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நைமேகனில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கியது. ஒலி அலை மேலே ஓட, கீழே ஒரு வரியில் எமக்குவா, அடுத்த வரியில் ஆங்கிலம், அடுத்ததில் குறிப்பு என்று எழுதலாம். எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் அந்த இடத்துக் குரல் கேட்கும். பழக ஒரு வாரம் ஆகும், அதற்கு அந்த நேரம் தகும். ஆனால் ஒரு நிமிடப் பேச்சை ஒழுங்காக எழுத ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எல்லாவற்றையும் எழுதிவிடுவோம் என்று கிளம்பாதீர்கள். முதலில் பேசுபவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் மெதுவாகத் திரும்பச் சொல்ல வைத்து, அதையும் பதிவு செய்யுங்கள். எழுதுவது அப்புறமும் நடக்கும். மெதுவாகத் திரும்பச் சொல்ல அவர் அப்புறம் இருப்பாரா என்பது நம் கையில் இல்லை.

பேச வைப்பது பதிவு செய்வதைவிடக் கடினம். வகுப்பு நடத்திப் பழகிய நான் முதலில் யோசித்தது மதரசாவில் ஒரு மணி நேர வகுப்பு என்பதுதான். அந்தப் பெண் வேறு வழி எடுத்தாள். கலிஃபோர்னியாவின் பழங்குடி மொழிகளுக்காக 1990களில் தொடங்கிய ஆசான்–சீடர் முறையைப் பற்றிப் படித்திருந்தாள். ஒரு பெரியவரும் ஒரு இளையவரும் சேர்ந்து வேலை செய்துகொண்டே அந்த மொழியிலேயே இருப்பது, மொழிபெயர்ப்பு கேட்காமல் சைகையால் சமாளிப்பது. ஆயா சமைக்கும் நேரம் எமக்குவா நேரம் என்று வைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் ஆயா எமக்குவாவில் சொல்வார், இவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதைத் தடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஒரு நாள் பதிலும் எமக்குவாவில் வந்தது, பாதி உடைந்து. ஆயா சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. அதே வாக்கியத்தைச் சரியாகத் தன் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த வேலையைச் சொன்னார். பிள்ளைகள் தப்பாகப் பேசும்போது சிரிக்கிற வழக்கம் எத்தனை மொழிகளை வீட்டுக்குள்ளேயே கொன்றிருக்கிறது என்பதை என் தமிழ் வகுப்புப் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வேன். ஆயாவைப் பார்த்த பிறகு இன்னும் அழுத்திச் சொல்ல ஆரம்பித்தேன். வகுப்பையும் மாற்றினேன். அகர வரிசையை ஓரமாக வைத்துவிட்டு, கோயில் சமையலறையில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் அம்மாக்களோடு பிள்ளைகளை உட்காரவைத்தேன்.

நான் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பெண் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நாத்தனாரின் பேரன்கள் இருவர் இப்போது சேர்ந்திருக்கிறார்கள், ஈலான் வேலையை அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். கடைக்காரர் மீன் பெயர்களை நம்புலாவில் இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பி, அங்கே சந்தையில் விசாரித்துச் சொல்லக் கேட்டிருக்கிறார். முதல் பதில் வந்துவிட்டது. அதிலும் மூன்று மீன்களுக்கு ஆயா ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்த வாக்குவாதத்தையும் பதிவு செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன், பாத்திரத்துக்கு அடியில் துண்டு போட மறக்காமல்.